குழந்தைகளுக்கான நூலகரா ஆகணுமா? லைப்ரரி சயின்ஸும் சிறார் இலக்கியமும் சேர்த்துப் படிக்க ஒரு வழி

சின்னப் பசங்க நூலகத்துல வேலை பாக்க ஆசையா இருக்கு, அதுக்கு என்ன படிக்கணும்னு அடிக்கடி யாராவது கேக்குறாங்க. பாதிப் பேர் டிகிரி கடைசி வருஷத்துல இருக்கிறவங்க, மீதிப் பேர் பி.எட் முடிச்சு ஏற்கெனவே பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறவங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொன்னதையெல்லாம் இங்க மொத்தமா எழுதிடறேன். நான் தமிழ் இளங்கலை, அப்புறம் லைப்ரரி சயின்ஸ், இப்ப பள்ளி நூலகர். அதனால நான் சொல்றது தமிழ்நாட்டுல படிக்கப் போறவங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

மொதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல பாஸ்டன்ல இருக்கிற சிம்மன்ஸ் யுனிவர்சிட்டி மாதிரி சில எடத்துல சிறார் இலக்கியத்துல எம்.ஏ.வையும் நூலக அறிவியல் முதுகலையையும் ஒண்ணாவே சேர்த்துப் படிக்கலாம். நம்ம ஊர்ல நூலகப் படிப்பு ஒரு டிபார்ட்மென்ட்ல இருக்கும், சிறார் இலக்கியம் தமிழ்த் துறையில விருப்பப் பாடமா எங்கயாவது ஒரு செமஸ்டர் வரும், ரெண்டு துறைக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே இருக்காது. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டியது நீங்கதான். அதை எப்படிப் போடறதுன்னுதான் கீழ சொல்றேன்.

சேர்றதுக்கு முன்னாடி பத்து நாள்

அப்ளிகேஷன் வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் கிளை நூலகத்துக்குப் போய் குழந்தைகள் பகுதியில பத்து நாள் சாயங்காலம் சும்மா உக்காருங்க. சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2010ல திறந்தது, மதுரைன்னா 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா ரெண்டு அலமாரியும் ஒரு பெஞ்சும் இருக்கிற கிளை நூலகத்தையும் கட்டாயம் பாருங்க, ஏன்னா வேலை கெடைச்சா பெரும்பாலும் அந்த மாதிரி எடத்துலதான் கெடைக்கும்.

என்ன பாக்கணும்னா, ஒரு குழந்தை புத்தகத்தை எப்படி எடுக்குதுன்னு பாருங்க. அட்டையைப் பாத்து எடுக்குதா, கூட வந்தவங்க எடுத்துக் குடுக்குறாங்களா, எத்தனாவது பக்கத்துல மூடி வைக்குது, திரும்ப எங்க சொருகுது. ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு வாங்க. பேர் வேணாம், வயசு மட்டும் தோராயமா போதும். பத்தாவது நாளும் அங்க போய் உக்காரணும்னு தோணுச்சுன்னா தாராளமா சேருங்க. புத்தகம் பிடிக்கும், ஆனா குழந்தைங்க சத்தம் பிடிக்கலைன்னு தெரிஞ்சாலும் நல்லதுதான், காலேஜ் நூலகம், ஆராய்ச்சி நூலகம்னு அதுக்கும் எடம் இருக்கு.

எந்தக் கோர்ஸ், எங்க

எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் பி.எல்.ஐ.எஸ்சி, அதாவது நூலக அறிவியல் இளங்கலை சேரலாம், அது ஒரு வருஷம். அதுக்கப்புறம் எம்.எல்.ஐ.எஸ்சி, அதோட முதுகலை, இன்னொரு வருஷம். சில யுனிவர்சிட்டியில ரெண்டையும் சேர்த்து ரெண்டு வருஷ எம்.எல்.ஐ.எஸ்சி.யா வச்சிருக்காங்க, அப்படின்னா நேரா அதுல சேந்துடலாம். மெட்ராஸ் யுனிவர்சிட்டி, சிதம்பரம் அண்ணாமலை, திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, மதுரை காமராஜர், சேலம் பெரியார், பக்கத்துல புதுச்சேரி, இங்கெல்லாம் இந்தப் படிப்புக்குப் பேர் உண்டு. வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கணும்னா இக்னோ இருக்கு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு. இக்னோவுல ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு சுற்று அட்மிஷன் போடுவாங்க.

சேர்றதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மென்ட்டுக்கு நேர்ல போய் மூணு கேள்வி கேளுங்க. வகைப்படுத்தல் பிராக்டிகலுக்கு டியூவி தொகுதிகள் (புத்தகத்தைப் பொருள்வாரியா எண் போட்டுப் பிரிக்கிற முறை) எத்தனை செட் இருக்கு? கோஹாங்கிற நூலக மென்பொருளுக்கு லேப் இருக்கா, அதுல மாணவங்களே என்ட்ரி போடலாமா? ஏதாவது பொது நூலகத்துக்கோ பள்ளி நூலகத்துக்கோ இன்டர்ன்ஷிப் அனுப்புவீங்களா? இந்த மூணுக்கும் தெளிவா பதில் வந்தா சேருங்க. கட்டடத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. தொலைதூரப் படிப்பு மட்டம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பிராக்டிகலுக்கு வேற வழி நீங்களே ஏற்பாடு பண்ணிக்கணும், பக்கத்துக் காலேஜ் நூலகர்கிட்ட கேட்டா வாரத்துல ஒரு நாள் வந்து உதவி பண்ணச் சொல்லுவாங்க, நான் கேட்ட எடத்துல யாரும் இல்லைன்னு சொன்னதில்ல.

இந்தப் படிப்போட வேர் நம்ம ஊர்லதான் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா ஒரு தெம்பு வரும். சீர்காழியில 1892ல பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட நூலகரா ஆனார், 1931ல நூலக அறிவியலோட ஐந்து விதிகளை வெளியிட்டார், 1933ல கோலன் பகுப்பு முறை, அதுவும் புத்தகத்துக்கு எண் போட்டு வகை பிரிக்கிற முறைதான். 1948ல வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாடியும் அவர் உழைப்பு இருக்கு, நம்ம வீட்டு வரியோட சேர்த்து நூலக வரி வசூல் ஆகுறது அந்தச் சட்டத்தாலதான். அவரோட ரெண்டாவது விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், மூணாவது ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வியா அஞ்சு விதியும் வரும், மனப்பாடம் பண்ணிடுவீங்க. குழந்தைகள் பகுதியில நிக்கும்போதுதான் அந்த ரெண்டாவதும் மூணாவதும் எவ்ளோ பெரிய வேலைன்னு தெரியும்.

வகுப்புல படிக்கிறதை குழந்தைங்க பக்கம் திருப்புறது எப்படி

வகைப்படுத்தல், நூற்பட்டியல் தயாரிப்பு, நூலக நிர்வாகம், தகவல் சேவை, கம்ப்யூட்டர்னு பேப்பர்கள் வரும். இதுல முதல் ரெண்டுதான் எல்லாரையும் பயமுறுத்தும். தயவுசெய்து அதுல கவனமா இருங்க, ஏன்னா மத்ததெல்லாம் வேலையில சேந்து கத்துக்கலாம், இந்த ரெண்டும் கையில பழகணும்.

கோலன் முறையில அழ.வள்ளியப்பா பாட்டுப் புத்தகத்துக்கு எண் போடணும்னு வச்சுக்கோங்க. இங்கிலீஷ் ஓ-ங்கிற எழுத்து இலக்கியம், 31 தமிழ் மொழி, கமா போட்டு 1, அது கவிதை. அப்புறம் ஆசிரியர் பொறந்த வருஷம், 1900கள்னா இங்கிலீஷ் என்-ங்கிற எழுத்து, அவர் 1922, அதனால என்22. பாரதியார் 1882ல பொறந்தவர், அவருக்கு அதே எடத்துல எம்82 வரும். மொழி, வடிவம், காலம்னு ஒரு வரியில ஒரு புத்தகமே அடங்கிடுது, முதல் தடவை நானே போட்டு சரியா வந்தப்ப அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஆனா நூலகத்துல பெரும்பாலும் நீங்க பாக்கப் போறது டியூவி எண். தமிழ் இலக்கியம் 894.811, அதுல கவிதை 894.8111, கதை 894.8113. இங்கதான் ஒரு விஷயம் சொல்லணும். மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வந்து "புலி புக் குடுங்க மிஸ்"னு கேட்டான். புலிங்கிற விலங்கைப் பத்தின புத்தகம் 599.756ல இருக்கு, புலி வர்ற நாட்டுப்புறக் கதை 398.2ல இருக்கு, ஒருத்தர் எழுதின புலிக் கதை 894.8113ல இருக்கு. மூணும் மூணு ரேக், ஒண்ணு இந்தக் கோடியில, ஒண்ணு அந்தக் கோடியில. படிச்சபடி பாத்தா எல்லாமே சரியான எடத்துலதான் இருக்கு, ஆனா அந்தப் பையனுக்கு எதுவுமே கெடைக்கல, அவன் ரேக் முதுகுல ஒட்டின லேபிளை ஒரு நிமிஷம் பாத்துட்டு வெளிய போயிட்டான். மறுநாள் மூணையும் எடுத்து ஜன்னல் பக்கத்து மேஜையில அட்டை தெரியிற மாதிரி நிக்க வச்சேன். வந்தான், மூணையும் பொரட்டினான், நாட்டுப்புறக் கதையை எடுத்துக்கிட்டு தரையிலயே உக்காந்துட்டான்.

அதனால எண் போடறதை நல்லா கத்துக்கோங்க, கூடவே அந்த எண்ணைத் தாண்டி ஒரு குழந்தைக்கு எப்படிக் காட்டுறதுன்னும் யோசிச்சுக்கிட்டே படிங்க. கலர் ஸ்டிக்கர், அட்டை தெரியிற தட்டு, குழந்தை கைக்கு எட்டுற உயரம், மாசம் ஒரு தலைப்புல மேஜை, இதெல்லாம் டெக்ஸ்ட்புக்ல ரெண்டு பாராவுல முடிஞ்சிடும்.

கோஹாவைப் பழைய லேப்டாப்ல நீங்களே போட்டுக்கலாம், நியூசிலாந்துல உருவாகி 2000த்துல வெளிவந்த இலவச மென்பொருள், லினக்ஸ்ல ஓடும். போட்டுட்டு நூறு குழந்தைப் புத்தகம் நீங்களே என்ட்ரி போடுங்க. மார்க் 21ங்கிற பட்டியல் வடிவத்துல ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண் உண்டு, 245 தலைப்பு, 100 ஆசிரியர், 082 டியூவி எண், இது எல்லாருக்கும் தெரியும். 520ல கதைச் சுருக்கம், 521ல எந்த வயசுக்குன்னு போடலாம், இந்த ரெண்டையும் நான் பாத்த முக்கால்வாசி பட்டியல்ல காலியா விட்டிருக்காங்க. குழந்தைகள் நூலகத்துக்கு அதுதான் உயிர். இன்னொண்ணு, தமிழ்ப் பேர் இனிஷியல். ஒருத்தர் "அழ.வள்ளியப்பா"ன்னு போடுவார், இன்னொருத்தர் "வள்ளியப்பா, அழ."ன்னு போடுவார், மூணாவது ஆள் புள்ளியை விட்டுட்டுப் போடுவார், மென்பொருள் மூணு பேர்னு நெனச்சுக்கும், தேடினா ஒம்பது புத்தகத்துல ரெண்டுதான் வரும். ஆசிரியர் பேரை எப்பவும் ஒரே மாதிரி எழுதுறதுக்கு அத்தாரிட்டி ஃபைல்னு ஒரு பட்டியல் இருக்கு, முதல் நாள்லேருந்தே அதை ஒழுங்கா வச்சுக்கப் பழகுங்க. டைப் பண்றது யூனிகோடுல மட்டும். பழைய ஃபான்ட்ல போட்ட டேட்டாவை மாத்தி உக்காந்து கண்ணெரிஞ்சவங்க சொல்றதைக் கேளுங்க.

சிறார் இலக்கியத்தை நீங்களே படிச்சாகணும்

உங்க யுனிவர்சிட்டி தமிழ்த் துறையில குழந்தை இலக்கியம்னு விருப்பப் பாடம் இருந்தா, டிபார்ட்மென்ட் மாறி எடுக்க முடியுமான்னு முதல் வாரமே கேளுங்க. முடியலைன்னா அந்த வாத்தியார்கிட்ட போய் சும்மா வகுப்புல உக்காந்துக்கலாமான்னு கேளுங்க. அதுவும் இல்லைன்னா நான் பண்ண மாதிரி செமஸ்டருக்கு ஒரு பகுதியா நீங்களே பிரிச்சுக்கலாம்.

முதல்ல பாட்டும் வாய்மொழிக் கதையும். கவிமணி, பாரதி, வள்ளியப்பா எல்லாத்தையும் வாய்விட்டுப் படிங்க, உங்க பாட்டி சொன்ன கதை, விடுகதை, நாப்புரட்டு எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணி வைங்க. 1950ல வள்ளியப்பா தொடங்கின குழந்தை எழுத்தாளர் சங்கத்தைப் பத்தியும் படிங்க, குழந்தைங்களுக்கு எழுதுறதுக்காகவே ஒரு கூட்டம் சேந்து உழைச்ச காலம் அது.

அப்புறம் பத்திரிகைகள். 1947லேருந்து வந்த அம்புலிமாமா, 1970கள்ல கோகுலம், முத்து காமிக்ஸ், 1984ல பூந்தளிர், லயன் காமிக்ஸ், அறிவியலுக்குத் துளிர், பின்னாடி சுட்டி விகடன். இதெல்லாம் பழைய இதழா பாக்கணும்னா சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்க, கன்னிமாரா பொது நூலகத்துக்கும் போங்க, அது 1954 சட்டப்படி நாட்டுல அச்சாகுற புத்தகம் வந்து சேர வேண்டிய நாலு நூலகத்துல ஒண்ணு. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து வந்த பத்துத் தொகுதி குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் அங்கேயே கேட்டுப் பொரட்டிப் பாருங்க, ஒரு மொழி தன் குழந்தைங்களை எவ்ளோ மதிச்சிருக்குன்னு கண்ணால பாக்கலாம்.

மூணாவது இப்ப வர்ற புத்தகங்கள். துளிகா, தாரா, நேஷனல் புக் டிரஸ்ட், சில்ரன்ஸ் புக் டிரஸ்ட், தமிழ்ல சிறார் நூலுக்குன்னே இருக்கிற சின்னப் பதிப்பகங்கள், எல்லாத்துலயும் பத்துப் பத்தா எடுங்க. காசில்லைன்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைகள் இலவசமா கெடைக்குது, பிரின்ட் எடுத்துக்கலாம், மொழிபெயர்த்தும் பழகலாம். சாகித்ய அகாதமி 2010லேருந்து வருஷா வருஷம் பால சாகித்ய புரஸ்கார் குடுக்குது, அந்தத் தமிழ்ப் பட்டியலை வரிசையா படிச்சாலே இந்தக் காலத்து எழுத்து எங்க நிக்குதுன்னு பிடிபட்டுடும்.

படிக்கிற ஒவ்வொண்ணுக்கும் அரைப் பக்கம் குறிப்பு எழுதுங்க. எத்தனை பக்கம், பக்கத்துக்கு எத்தனை வரி, படம் கதை சொல்லுதா இல்ல வெறும் அலங்காரமா, யார் இருக்காங்க, யார் இல்ல, சத்தமா படிச்சா எத்தனை நிமிஷம், எந்த எடத்துல குழந்தை நிறுத்திக் கேள்வி கேக்கும். பொண்ணு எப்பவும் அடுப்படியிலயே இருக்காளா, கறுப்பா இருக்கிறவங்க எப்பவும் கெட்டவங்களா வர்றாங்களான்னு பாருங்க. இதுல கறாரா இருங்க, "நீதி சொல்லுது, அதனால நல்ல புத்தகம்"னு எழுதி முடிச்சுடாதீங்க. நீதி கடைசிப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கிற கதையை குழந்தை அந்தப் பக்கத்துக்கு முன்னாடியே மூடிடுது, நான் நூறு தடவை பாத்துட்டேன்.

தமிழ்ல இன்னொரு சிக்கல் இருக்கு, இங்கிலீஷ் பாடப் புத்தகத்துல இதுக்கு விடை கெடைக்காது. குழந்தை வீட்டுல "வந்துட்டான்"னு பேசுது, புத்தகத்துல "வந்துவிட்டான்"னு இருக்கு. புணர்ச்சி சேந்து "அங்கிருந்தெழுந்து"ன்னு ஒரே சொல்லா நீளமா வந்தா ரெண்டாங்கிளாஸ் குழந்தை அங்கேயே திணறி நின்னுடும். அதனால வயசு மட்டும் பாத்துப் புத்தகம் குடுக்காதீங்க, சொல் நீளத்தையும் பாருங்க. பள்ளிக்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கத்துல புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க பாருங்க, அதுல படிக்குப் படி வாக்கியமும் சொல்லும் எப்படி வளருதுன்னு உக்காந்து ஒப்பிட்டா நல்ல பாடம். நான் சத்தமா படிக்கும்போது எழுதியிருக்கிறபடியே படிச்சுடுவேன், பக்கம் திருப்பும்போது நடுவுல பேச்சுத் தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசுவேன். எல்லாத்தையும் பேச்சுக்கு மாத்திப் படிக்கிறவங்களும் இருக்காங்க, எனக்கு அது ஒத்துக்கல, ஏன்னா அந்தக் குழந்தை தனியா அதே புத்தகத்தை எடுக்கும்போது காதுல கேட்டது பக்கத்துல இருக்கணும்.

புராஜெக்ட்

எம்.எல்.ஐ.எஸ்சி கடைசியில ஆய்வேடு இருக்கும். பக்கத்துல எல்லாரும் காலேஜ் மாணவர்கள் மின்வளங்களை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு கேள்வித்தாள் குடுத்து முடிச்சுடுவாங்க. நீங்க குழந்தைகள் பக்கம் ஒரு தலைப்பு எடுங்க, வழிகாட்டி முதல்ல தயங்கினாலும் திட்டத்தை எழுதிக் காட்டினா ஒத்துக்குவாங்க. ஒரு கிளை நூலகத்துல மூணு மாசம் குழந்தைகள் பகுதியில எது வெளிய போச்சு, எது ஒரு தடவைகூட போகல, ஏன்? இல்லன்னா ஒரே பத்திரிகையோட பத்து வருஷ இதழுக்குப் பொருளடைவு, அதாவது எந்த விஷயம் எந்த இதழ்ல இருக்குன்னு காட்டுற பட்டியல், தயாரிக்கலாம், அது உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் உதவும். குழந்தைங்ககிட்ட கேள்வி கேக்குறதா இருந்தா பெத்தவங்க, பள்ளி ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கிடுங்க, ஆய்வேட்டுல எந்தக் குழந்தை பேரும் வரக் கூடாது.

படிப்பு முடிஞ்சப்புறம் நேரம் இருந்தா பராக் அமைப்பு நடத்துற நூலகக் கல்வியாளர் கோர்ஸைப் பாருங்க, இந்தி, இங்கிலீஷ்லதான் இருக்கு, ஆனா குழந்தையையும் புத்தகத்தையும் பத்தி மட்டுமே பேசுற படிப்பு அது.

வேலை

அரசுப் பொது நூலகத்துக்கு டி.என்.பி.எஸ்.சி, கேந்திரிய வித்யாலயா நூலகர் தேர்வு தனி, அதுக்கு லைப்ரரி சயின்ஸ் பட்டம் வேணும். காலேஜ்னா எம்.எல்.ஐ.எஸ்சியோட நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, நெட்ல இந்தப் பாடத்தோட எண் 59. தனியார் பள்ளியில சம்பளம் எடத்துக்கு எடம் மாறும், சேர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுடுங்க, லைப்ரரி பீரியட்ல மத்த வாத்தியார் வராத கிளாஸுக்கு என்னை அனுப்புவீங்களான்னு. நான் முதல்ல வேலை பாத்த பள்ளியில நாளுக்கு நாலு பீரியட் அப்படித்தான் போச்சு, புத்தகமெல்லாம் கண்ணாடி பீரோவுல பூட்டி சாவி ஆபீஸ்ல தொங்கும், தொலைஞ்சா நூலகர் சம்பளத்துல பிடிப்பாங்கன்னு யாரும் தொட மாட்டாங்க. ஒரு வருஷம் அலைஞ்சு கிழிசல், தொலைவு எல்லாத்தையும் வருஷாந்திர இருப்புச் சரிபார்ப்புல கழிச்சுக்கலாம்னு எழுத்துல வாங்கினப்புறம்தான் பீரோவைத் திறந்தாங்க. அக்சஷன் ரெஜிஸ்டர் (நூலகத்துக்கு வர்ற ஒவ்வொரு புத்தகத்தையும் பதியிற பேரேடு), கழிவு விதிமுறை இதெல்லாம் வகுப்புல ரொம்ப வறட்சியா இருக்கும், தூங்கிடாதீங்க, அந்தப் பீரோவைத் திறந்த சாவி அந்தப் பாடம்தான்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது சர்டிஃபிகேட் ஃபைலோட அந்த அரைப் பக்கக் குறிப்பு நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. "நாலாங்கிளாஸ்ல தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற புள்ளைக்கு என்ன குடுப்பீங்க"ன்னு என்கிட்ட கேட்டாங்க. நோட்டைத் திறந்து அஞ்சு புத்தகம் பேர் சொன்னேன், அதுல ஒண்ணு பையிலயே இருந்துச்சு, எடுத்து முதல் ரெண்டு பக்கம் அங்கேயே படிச்சுக் காட்டினேன். எதிர்ல உக்காந்திருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் கையை நீட்டி, "குடுங்க, மிச்சத்தை நான் படிச்சுக்குறேன்"னு வாங்கிக்கிட்டாங்க.